தாத்தா காலத்து காரின் ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸ் இருக்கிறதா? இப்போதே செக் பண்ணுங்க!

‘பீஸ் போச்சு!’

தமிழ்நாட்டில் இந்த வார்த்தை தெரியாத வீடே கிடையாது. வீட்டில் கரன்ட் நின்றால் முதலில் பார்ப்பது பீஸ் கட்டையை. சுருங்கிப்போன முகத்தோடு ஒருவர் வந்தால்கூட, ‘என்ன, பீஸ் போன பல்பு மாதிரி இருக்கே?’ என்றுதான் கேட்போம். அந்த அளவுக்கு நம் பேச்சோடு கலந்துவிட்ட பொருள் அது.

ஆனால், வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய அம்பாஸடரின் ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸ் இருக்கிறதா என்று கேட்டால், பலர் யோசிப்பார்கள். பல பழைய கார்களில் அதற்கான பதில், ‘இல்லை’ என்பதுதான். இது ரிப்பேரின்போது யாரோ கழற்றிப்போட்டதால் வந்த குறை அல்ல. ஃபேக்டரியிலிருந்து வரும்போதே ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸ் இல்லாமல்தான் அந்த வண்டிகள் வந்தன!

ஏன் அப்படிச் செய்தார்கள்? அதனால் என்ன ஆபத்து? இப்போது ஃப்யூஸ் போடலாமா, போட்டால் எப்படிப் போட வேண்டும்? பழைய கார் வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, அதில் கல்யாண ஊர்வலம் போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

கொலுசுப் பட்டறை சொல்லும் பாடம்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு இரண்டு அடையாளங்கள். ஒன்று, லீ பஜார் மண்டிகள். இன்னொன்று, வெள்ளிக் கொலுசு. இங்குள்ள பட்டறைகளில் கொலுசுக் கண்ணிகளைப் பற்றவைப்பதைப் பார்த்தவர்களுக்கு ஃப்யூஸின் தத்துவம் உடனே புரிந்துவிடும்.

சுத்த வெள்ளி 961 டிகிரி செல்சியஸில் உருகும். பற்றவைக்கப் பயன்படுத்தும் உலோகக் கலவை அதைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகிவிட வேண்டும். அப்போதுதான் கொலுசு உருகாமல், பற்று மட்டும் உருகிப் பிடிக்கும். எது முதலில் உருக வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஃப்யூஸும் அதே கணக்குதான். கரன்ட் ஓடும் பாதையில், வேண்டுமென்றே ஒரே ஓர் இடத்தைப் பலவீனமாக வைக்கிறோம். அளவுக்கு மீறி கரன்ட் பாய்ந்தால், ஒயர் சூடாகித் தீப்பிடிப்பதற்குள் அந்தச் சின்னத் துண்டு உருகி அறுந்துவிடும்.

இதில் பலரும் தப்பாக நினைக்கும் ஒரு விஷயம் உண்டு. ஃப்யூஸ் பல்பைக் காப்பாற்றுவதற்காக அல்ல. அது இருப்பது ஒயரைக் காப்பாற்ற. ஒயரைக் காப்பாற்றினால் காரும், காருக்குள் இருப்பவர்களும் தப்பிப்பார்கள்.

ஒரு மீட்டர் ஒயருக்குள் எவ்வளவு சூடு?

கணக்கு எளிது. 12 வோல்ட் காரில் 60 வாட் பல்பு எரிய 5 ஆம்பியர் கரன்ட் வேண்டும். இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர்.

ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்பு ஒயரில் 10 ஆம்பியர் ஓடினால், மீட்டருக்கு சுமார் 1.7 வாட் சூடு உண்டாகும். கையில் தொட்டால் லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

இப்போது அந்த ஒயரின் தோல் உரிந்து, பாடியின் இரும்பில் பட்டுவிட்டது என்று வையுங்கள். இதுதான் ஷார்ட் சர்க்யூட். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றுவதற்கென்றே செய்யப்பட்ட கார் பேட்டரி, 100 ஆம்பியரைத் தயக்கமே இல்லாமல் கொட்டும். கரன்ட் 10 மடங்கானால் சூடு 10 மடங்கு ஆகாது, 100 மடங்கு ஆகும். அதாவது, மீட்டருக்கு 170 வாட்!

துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டிபோல அந்த ஒயர் முழுக்கச் சூடேறும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை இளகி வழியும். அது தனியாகவும் இருப்பதில்லை. மற்ற ஒயர்களோடு சேர்த்து டேப் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். ஒன்று எரிந்தால் பக்கத்தில் இருப்பதும் எரியும். ஹெட்லைட்டில் ஆரம்பித்த பிரச்னை, சில நிமிடங்களில் டேஷ்போர்டுக்குக் கீழே புகையாக வந்துவிடும்.

லூகாஸ் வழி வந்த கார்கள்

நம் ஊர் பழைய கார்களில் பலவற்றின் பூர்விகம் இங்கிலாந்து. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாஸடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வாரிசு. 1950-களின் கடைசியில் வந்த அந்த வண்டியின் தயாரிப்பு 2014-ல்தான் நின்றது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பிரிட்டிஷ் டிசைன்தான்.

இந்த வண்டிகளின் ஒயரிங் முறை, பர்மிங்ஹாமில் பிறந்த லூகாஸ் நிறுவனம் வகுத்த பாணி. சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ் நிறுவனத்தின் பெயரில் இருப்பதும் இந்த லூகாஸ்தான். வண்டி எலெக்ட்ரிக்கல் வேலை நள்ளிரவில் காலை வாரும்போதெல்லாம் பிரிட்டிஷ் கார் பிரியர்கள் லூகாஸை ‘இருட்டின் இளவரசன்’ என்று கிண்டல் செய்வது உலகம் முழுக்கப் பிரபலம்.

1950, 60-களின் லூகாஸ் பாணியில், பெரும்பாலும் காருக்கு மொத்தமே இரண்டு ஃப்யூஸ்தான். ஹார்ன், உள்விளக்கு போன்றவற்றுக்கு ஒன்று. இக்னிஷன் போட்டால் மட்டும் வேலை செய்யும் வைப்பர், பெட்ரோல் மீட்டர், பிரேக் லைட் போன்றவற்றுக்கு இன்னொன்று. ஹெட்லைட் இந்த இரண்டிலும் வராது. பேட்டரியிலிருந்து வரும் ஒயர், லைட் சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து டிம்மர் சுவிட்சுக்குப் போய், நேராக பல்பில் முடிந்துவிடும். நடுவில் ஃப்யூஸ் என்ற ஒன்றே இருக்காது.

மறந்துபோனார்களா?

இல்லை. தெரிந்தேதான் விட்டார்கள். அந்தக் காலத்து இன்ஜினீயர்களின் வாதம் இது: ‘ஹார்ன் நின்றால் ஓட்டிவிடலாம். ராத்திரியில் ஹெட்லைட் நின்றால்?’

ஏற்காடு மலைப்பாதையில் சேலம் பக்கமிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. இந்தப் பக்கம் சேலம் - தருமபுரி சாலையில் தொப்பூர் கணவாய். இப்படி ஒரு பாதையில், இரவில், ஒரே ஃப்யூஸ் போய் இரண்டு ஹெட்லைட்டும் ஒன்றாக அணைந்தால் என்ன ஆகும்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் நகரும். டிரைவர் சுதாரித்து பிரேக் மிதிக்க 3 நொடி ஆனால், கும்மிருட்டில் 50 மீட்டர் போயிருக்கும்.

ஆக, ஒரு பக்கம் தீ, மறு பக்கம் இருட்டு. தீயைவிட இருட்டுக்கு அதிகம் பயந்தார்கள் அன்றைய இன்ஜினீயர்கள். ஒயர் புதிதாக இருந்த காலத்தில் அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. 40, 50 வருஷம் கழித்து அதே ஒயர் ஓடிக்கொண்டிருக்கும் என்பது அவர்கள் கணக்கில் இல்லை.

வயசான ஒயரின் எதிரிகள்

முதல் எதிரி, வெயில். நம் ஊர் கோடையும் இன்ஜின் சூடும் சேர்ந்து, ஒயரின் மேலுறையை முறுக்குபோல மொறுமொறுப்பாக்கிவிடும். வளைத்தால் உடையும்.

இரண்டாவது, உரசல். ஹெட்லைட் கிண்ணத்துக்குள் ஒயர் நுழையும் ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும. அது காய்ந்து விழுந்துவிட்டால், தகரத்தின் கூர்மையான ஓரம் ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும்.

மூன்றாவது, தண்ணீர். பழைய மாடல்களில் டிம்மர் சுவிட்ச் காலடியில் இருக்கும். மழைக் காலத்தில் செருப்பில் வரும் சேறும் ஈரமும் நேராக அதன் தலையில்தான் இறங்கும்.

நான்காவது, எலி. மாதத்தில் ஒரு நாள்கூட வெளியே எடுக்காத கார் என்றால், எலிக்கு அது சொந்த வீடு.

ஐந்தாவது எதிரி, நாம்தான்! வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு வாங்கிப் போடுவோம். ஒரு பல்புக்கு 8.3 ஆம்பியர், இரண்டுக்கும் சேர்த்து கிட்டத்தட்ட 17 ஆம்பியர். அந்தக் காலத்து லூகாஸ் சி40 டைனமோ உச்ச வேகத்தில் சுற்றினாலும் தருவதே 22 ஆம்பியர். போதாததற்கு, கல்யாண ஊர்வலத்துக்கு சீரியல் லைட் மாட்டும்போது, கைக்கு எட்டுகிறது என்று ஹெட்லைட் ஒயரைச் சுரண்டி அதிலேயே முறுக்கி விடுவதும் நடக்கிறது.

உங்கள் காரில் ஃப்யூஸ் இருக்கிறதா?

கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. ஹெட்லைட்டைப் போடுங்கள். ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு ஃப்யூஸாகக் கழற்றுங்கள். எந்த ஃப்யூஸ் எங்கே இருந்தது என்று முதலிலேயே போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. எல்லா ஃப்யூஸையும் கழற்றிய பிறகும் ஹெட்லைட் ஜம்மென்று எரிந்தால், உங்கள் ஹெட்லைட்டுக்கு அந்தப் பெட்டியில் ஃப்யூஸ் இல்லை என்று அர்த்தம். டிம், பிரைட் இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

ஒயரின் நிறமும் வழி காட்டும். லூகாஸ் முறையில் பழுப்பு நிறம், பேட்டரியிலிருந்து நேராக வருவது. நீலம், சுவிட்சிலிருந்து டிம்மருக்குப் போவது. நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட். நீலத்தில் சிவப்புக் கோடு டிம். கறுப்பு, எர்த். ஆனால், இடையில் யாராவது ஒயரிங் மாற்றியிருந்தால் நிறத்தை நம்பக் கூடாது. டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஒன்றா, இரண்டா, நான்கா?

‘அவ்வளவுதானே, ஒரு ஃப்யூஸ் போட்டுவிட்டால் போச்சு’ என்று நினைத்தால், அங்கேதான் தப்பு. எத்தனை ஃப்யூஸ், எந்த இடத்தில் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

*ஒரே ஃப்யூஸ்:* லைட் சுவிட்சுக்கு முன்னால் ஒன்றே ஒன்று. தீயிலிருந்து பாதுகாப்பு உண்டு. ஆனால், ஒரு பக்க ஒயர் ஷார்ட் ஆனாலும் இரண்டு பக்கமும் இருட்டு. அந்தக் கால இன்ஜினீயர்கள் பயந்தது இதற்குத்தான்.

*இரண்டு ஃப்யூஸ்:* டிம்மர் சுவிட்சுக்குப் பிறகு, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. டிம் போனால் பிரைட்டுக்கு மாற்றி ஓரம்கட்டிவிடலாம். பரவாயில்லை ரகம்.

*நான்கு ஃப்யூஸ்:* இடது டிம், வலது டிம், இடது பிரைட், வலது பிரைட் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. எந்த ஒன்று போனாலும் மற்ற மூன்றும் எரியும். தீயும் இல்லை, இருட்டும் இல்லை. இன்றைய கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுகளுக்கு இப்படித் தனித்தனி ஃப்யூஸ்தான்.

பழைய காரில் இதைச் செய்வதும் கஷ்டமில்லை. டிம்மரிலிருந்து வரும் இரண்டு ஒயரும், ரேடியேட்டர் பக்கத்தில்தான் இடது, வலது என்று பிரியும். அந்த இடத்தில் நான்கு ஃப்யூஸ் கொண்ட சின்னப் பெட்டியை, தண்ணீர் படாதபடி பொருத்திவிடலாம்.

எத்தனை ஆம்பியர்?

60/55 வாட் பல்பு ஒன்று 5 ஆம்பியர் இழுக்கும். இன்ஜின் ஓடி, சார்ஜ் ஏறும்போது வோல்டேஜ் கூடுவதால் கரன்ட்டும் இன்னும் கொஞ்சம் கூடும். தொடர்ந்து ஓடும் கரன்ட், ஃப்யூஸ் அளவில் முக்கால் பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு இழைக்கும் 7.5 ஆம்பியர் ஃப்யூஸ் பொருத்தம். பிளேடு ஃப்யூஸில் அது பழுப்பு நிறம். ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், 10 ஆம்பியர் சிவப்பு ஃப்யூஸும் போடலாம்.

பழைய கண்ணாடி ஃப்யூஸ் வாங்குவதில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. லூகாஸ் ஃப்யூஸில் ‘35 ஆம்பியர்’ என்று போட்டிருந்தால், அது 35-ல் உருகிப்போகும் என்று பொருள். தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். ஆனால், இன்று கடையில் கிடைக்கும் பல ஃப்யூஸ்களில் அச்சிட்டிருப்பது தாங்கும் அளவு. பழைய 35-ஐக் கொடுத்துவிட்டுப் புதிய 35-ஐ வாங்கி மாட்டினால், பாதுகாப்பு பாதியாகிவிடும்!

சிகரெட் பாக்கெட் ஈயத்தாளைச் சுற்றி மாட்டுவது, ஃப்யூஸ் இடத்தில் செம்புக் கம்பியை முறுக்குவது எல்லாம் வேண்டவே வேண்டாம். அதற்கு ஃப்யூஸே இல்லாமல் இருப்பது மேல். அப்போதாவது ஆபத்து இருக்கிறது என்ற நினைப்பாவது இருக்கும்.

ரிலே போட்டால் வெளிச்சமும் கூடும்

ஃப்யூஸ் போடும் கையோடு இரண்டு ரிலேவும் போட்டுவிட்டால், இன்னொரு லாபம். பழைய முறையில் ஹெட்லைட் கரன்ட் முழுவதும் சுவிட்ச் வழியாகவும் டிம்மர் வழியாகவும் சுற்றி வருகிறது. வழியில் ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் வோல்டேஜைத் தின்றுவிடும். இழை பல்பில் வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தால், வெளிச்சம் சுமார் 30 சதவிகிதம் குறைந்துவிடும். ‘வண்டி பழசு, லைட் டல்லாத்தான் எரியும்’ என்று நாம் பழகிக்கொண்டதற்குக் காரணம் பல நேரம் இதுதான்.

ரிலே போட்டால், பல்புக்கான கரன்ட் பேட்டரி பக்கமிருந்து தடிமனான ஒயரில் நேராகப் போகும். சுவிட்ச் வெறும் உத்தரவு மட்டும் கொடுக்கும். அதில் ஓடுவது ஒரு ஆம்பியரில் சிறு பங்குதான். டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே என்று தனித்தனியாக வைப்பது முக்கியம். அப்போதுதான் ஒன்று பழுதானாலும் இன்னொன்று கைகொடுக்கும். பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயருக்கும், பேட்டரி பக்கத்திலேயே ஒரு பெரிய ஃப்யூஸ் வேண்டும். நான்கு சின்ன ஃப்யூஸ்களும் அதற்கு முன்பே உருகும்படி, அது 30 ஆம்பியர் அளவில் இருக்க வேண்டும். அதற்கேற்ற தடிமனில் அந்த ஒயரும் இருக்க வேண்டும்.

எல்.இ.டி பல்பு போட்டால் கரன்ட் குறையுமே என்று சிலர் கேட்பார்கள். குறையும்தான். ஆனால், இழை பல்புக்காகச் செய்த பழைய கிண்ணத்தில் எல்.இ.டி-யின் ஒளி சிதறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். தவிர, ஒயர் உரசினால் அப்போதும் ஷார்ட் ஆகத்தான் செய்யும். ஃப்யூஸ் தேவை மாறாது.

வேலைக்குக் கொடுக்கும் முன்...

* வேலை தொடங்கும் முன் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். சில பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். அதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

* உறை நொறுங்கும் ஒயருக்கு ஃப்யூஸ் மட்டும் போட்டுப் பயனில்லை. முதலில் ஒயரை மாற்ற வேண்டும்.

* ஓட்டைகளில் ரப்பர் வளையம் இருக்கிறதா, ஹெட்லைட்டின் எர்த் இணைப்பு துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

* எந்த ஃப்யூஸ் எதற்கு என்று பெட்டி மூடியில் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வோர் அளவிலும் இரண்டு உபரி ஃப்யூஸ் காரிலேயே இருக்கட்டும்.

* லாரிக்காரர்களுக்கு நன்கு பழக்கமான பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை வீட்டுக் காருக்கும் போடலாம். நாள் கணக்கில் நிற்கும் வண்டிக்கு அதைவிட நல்ல காவல் இல்லை.

* ஓடும்போது புகை வாடை வந்தால், வண்டியை ஓரம்கட்டி, லைட்டையும் இன்ஜினையும் நிறுத்தி, எல்லோரும் முதலில் இறங்குங்கள். கட்-ஆஃப் இருந்தால் அணையுங்கள். தீ தெரிந்தால் பானெட்டை அகலத் திறக்க வேண்டாம். காற்று புகுந்தால் தீ கொழுந்துவிடும்.

பழைமை கெட்டுவிடாதா?

‘ஒரிஜினலா இருக்கணும்’ என்பது பழைய கார் பிரியர்களின் வேதவாக்கு. அதிலும் ஒரு நியாயம் உண்டு. 50 வயதைத் தாண்டிய வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது அந்த விதி. ஃப்யூஸ் பெட்டி, இந்த மூன்றையும் தொடாத வேலை.

பழைய ஒயரிங் செட்டை வெட்டாமல், இருக்கிற இணைப்புகளிலேயே புதிய பெட்டியைச் சொருகச் சொல்லலாம். நாளைக்கே வேண்டாம் என்றாலும் கழற்றி, ஃபேக்டரியிலிருந்து வந்த மாதிரியே ஆக்கிவிட முடியும். ஷோவுக்குக் கொண்டுபோனாலும் பானெட்டைத் திறந்து தேடினால்தான் கண்ணில் படும்.

அம்பாஸடர் தயாரிப்பு நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனி புதிதாக ஒன்று வரப்போவதில்லை. இருக்கும் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு தாத்தாவின் உழைப்போ, ஓர் அப்பாவின் கல்யாணமோ, ஒரு குடும்பத்தின் முதல் பழநிப் பயணமோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அடுத்த முறை ராத்திரியில் கிளம்புவதற்குள், ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஃப்யூஸ் பெட்டியை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்!